மருந்துக்கு மசியாத கிருமிகள்



ஒரு காலத்தில் கோழிக்கறி என்றால் அது விருந்துச் சாப்பாடு. தோட்டத்து லயங்களில் தீபாவளிக்கும், கோவில் திருவிழா முடிந்த மறுநாளும், வெகுநாள் கழித்து உறவினர் வீடு தேடி வந்தாலும்தான் கோழி அடிப்பார்கள். இன்று அப்படியில்லை. பசாருக்குப் போனால் உரித்து வெட்டி வைத்த கோழி மலிவாகக் கிடைக்கிறது. வாரத்தில் மூன்று நாள் கோழி சமைக்கும் வீடுகள் ஏராளம். ஆறு வாரத்திற்குள் ஒரு குஞ்சு முழுக் கோழியாகிக் கடைக்கு வந்துவிடுகிறது.

இது எப்படி நிகழ்ந்தது? நல்ல இனக் கோழிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது ஒரு காரணம். சத்துள்ள தீவனம் மற்றொரு காரணம். இவற்றோடு, பொதுமக்கள் அதிகம் அறியாத இன்னொன்றும் உண்டு. அதுதான் தீவனத்தில் கலந்த மருந்து. மனிதனைக் காய்ச்சலிலிருந்தும் சீழ்ப்புண்ணிலிருந்தும் காப்பாற்றிய அதே ஆண்டிபயாட்டிக் மருந்து, கோழியையும் பன்றியையும் கொழுக்க வைப்பதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்டது. அதனால் விளைந்தது என்ன, அதை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்தபின் உலகம் என்ன செய்தது என்பதே இன்றைய நம் உரையின் பொருள்.

முதலில் அந்த மருந்து பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், லண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற மருத்துவ அறிஞர், கிருமி வளர்த்து வைத்திருந்த ஒரு தட்டில் பூஞ்சணம் பிடித்திருப்பதைக் கண்டார். பூஞ்சணத்தைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்து போயிருந்தன. அந்தப் பூஞ்சணம் சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் என்று பெயரிட்டார். அதை மருந்தாக்கும் அரிய பணியைப் பத்தாண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செயின் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் செய்து முடித்தனர். 1945-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பரிசைப் பெற்றுக்கொண்டு ஆற்றிய உரையிலேயே ஃபிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவில் பெனிசிலினைக் கொடுத்தால், கிருமி அதைத் தாங்கப் பழகிவிடும். சோதனைக் கூடத்தில் அப்படிச் செய்வது எளிது. மனித உடலுக்குள்ளும் அதுவே நடக்கக்கூடும் என்றார். பரிசு வாங்கிய மேடையில் நின்று தம் கண்டுபிடிப்பின் குறையைத் தாமே சொன்ன அந்த நேர்மையை நாம் மறக்கலாகாது. உண்மையில், பெனிசிலினைச் சிதைக்கும் நொதிப்பொருள் ஒன்று சில கிருமிகளிடம் உண்டென்பதை ஆக்ஸ்ஃபோர்டுக் குழுவினர் 1940-லேயே கண்டு எழுதியிருந்தனர். மருந்து சந்தைக்கு வருமுன்னரே, அதை வெல்லும் வழி கிருமிகளிடம் இருந்தது.

கிருமி மருந்தைத் தாங்கப் பழகுகிறது என்கிறோமே, அதன் பொருள் என்ன? தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கேழ்வரகுக்கு உறவான ஒரு களைப்புல் நம் நாட்டில் எங்கும் முளைக்கிறது. மலாய்க்காரர்கள் அதைச் சம்பாவ் புல் என்பார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அது கருகிப் போகும். ஆனால் 1997-இல் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் வட்டாரத்துப் பழத்தோட்டம் ஒன்றில், எத்தனை முறை அடித்தாலும் கருகாத சம்பாவ் புல்லைக் கண்டார்கள். அந்தப் புல் மருந்து குடித்து வலிமை பெற்றதன்று. ஆயிரமாயிரம் செடிகளுக்கிடையே, தற்செயலான மாற்றத்தால், மருந்தைத் தாங்கக்கூடிய ஒன்றிரண்டு செடிகள் இருந்திருக்கும். மற்றவை கருகியபின் அவற்றுக்கு இடமும் வெயிலும் உரமும் போட்டியின்றிக் கிடைத்தன. அவற்றின் விதைதான் தோட்டத்தை நிறைத்தது. மீண்டும் மீண்டும் ஒரே மருந்தை அடித்ததால், மனிதனே களையைப் புடைத்துச் சலித்துப் பொறுக்கி எடுத்துவிட்டான்.

கிருமிக்கும் இதே கணக்குத்தான். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. புல்லுக்கு ஒரு தலைமுறை என்பது சில மாதங்கள். கிருமிக்கோ, வாய்ப்பான சூழலில், இருபது நிமிடம். இது முதல் வேறுபாடு. இரண்டாவது இன்னும் வியப்பானது. அதைச் சற்றுப் பின்னால் ஜப்பானிலிருந்து அறிந்துகொள்வோம்.

இப்போது கோழிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மலிவான தீவனத்திற்கான தேடல் மும்முரமாக நடந்தது. சோளமும் சோயாவும் மட்டும் தின்ற குஞ்சுகள் சரியாக வளரவில்லை. மீன் தூள் சேர்த்தால் வளர்ந்தன. ஆனால் அதன் விலை அதிகம். மீன் தூளில் இருந்த அந்தச் சத்து பி12 வைட்டமின் என்பது தெரிய வந்தது. நியூயார்க் மாநிலத்து லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டட் என்ற இரு அறிஞர்கள் அந்த வைட்டமினை மலிவாகப் பெறும் வழியைத் தேடினர். அதே நிறுவனம் அப்போது ஆரியோமைசின் என்ற புதிய ஆண்டிபயாட்டிக்கைத் தயாரித்துக் கொண்டிருந்தது. மருந்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் சக்கையில் பி12 இருக்கக்கூடும் என்று கருதி, அதைக் குஞ்சுகளின் தீவனத்தில் கலந்தார்கள்.

1948-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஜூக்ஸ் குஞ்சுகளை எடை போட்டுப் பார்த்தார். சக்கை தின்ற குஞ்சுகள், வைட்டமின் மட்டும் தின்ற குஞ்சுகளைவிட நன்றாக வளர்ந்திருந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஒரு டன் தீவனத்திற்குச் சில கிராம் மருந்து போதும். கோழி குறைந்த தீவனத்தில் விரைவாக எடை கூடியது. 1950-இல் இச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1951-இல் அமெரிக்காவில் மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே தீவனத்தில் மருந்து கலக்க அனுமதி கிடைத்தது. 1953-இல் பிரிட்டனும் அவ்வழியே சென்றது. அதோடு நின்றதா? 1955-இல், உரித்த கோழி கெடாமல் இருக்க அதை ஆண்டிபயாட்டிக் கரைசலில் முக்கி எடுக்கவும் அமெரிக்க அரசு அனுமதித்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகே அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

அன்றைய விவசாயிகளையோ அறிஞர்களையோ பேராசைக்காரர்கள் என்று பழிப்பது நியாயமாகாது. போரில் பட்டினியைக் கண்ட உலகம் அது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் முட்டையும் இறைச்சியும் எட்ட வேண்டும் என்பது நல்ல நோக்கமே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவு மருந்தைக் கொடுக்காதீர்கள் என்று ஃபிளெமிங் சொன்னார் அல்லவா? அதே சிறு அளவைத்தான், நாள் தவறாமல், நோயே இல்லாத கோடிக்கணக்கான உயிரினங்களுக்கு, வாழ்நாள் முழுவதும் ஊட்டினார்கள்.

இதன் விளைவை உணர, நாம் ஜப்பானுக்குச் செல்ல வேண்டும். போருக்குப் பிந்திய ஜப்பானில் இரத்தக் கடுப்பு நோய் பரவலாக இருந்தது. நம் முன்னோர் இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தொடக்க காலத்தில், மலேரியாவோடு சேர்ந்து அவர்களை வாரிக்கொண்டு போன அதே வயிற்றுக் கடுப்புதான். சிகெல்லா என்ற கிருமி அதற்கு ஒரு முக்கிய காரணம். ஜப்பானியர் முதலில் சல்ஃபா மருந்துகளால் அதை எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் சல்ஃபா பயனற்றுப் போனது. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின், குளோராம்ஃபெனிகால் ஆகிய மருந்துகளைக் கொடுத்தார்கள். 1955-இல் ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு பெண்ணின் உடலில் இந்த நான்கு மருந்துக்குமே மசியாத சிகெல்லா காணப்பட்டது.

மருத்துவர்களைத் திகைக்க வைத்தது இதுதான். ஒரு மருந்தைத் தாங்கும் மாற்றம் பல கோடிக் கிருமிகளில் ஒன்றுக்கு நேரலாம். ஆனால் நான்கு மாற்றங்கள் ஒரே கிருமிக்கு ஒரே வேளையில் நேருமா? மேலும், அத்தகைய நோயாளியின் குடலில் இயல்பாக வாழும் இ.கோலை என்ற வேறு இனக் கிருமியும் அதே நான்கு மருந்துகளையும் எதிர்த்து நின்றது. 1959-இல் ஓச்சியாய், அக்கிபா ஆகிய இரு அறிஞர்களின் குழுக்கள், ஒன்றையொன்று சாராமல், இதன் மர்மத்தை விடுவித்தன. மருந்தைத் தாங்கும் இ.கோலையையும், தாங்காத சிகெல்லாவையும் ஒன்றாகக் கலந்து வைத்தபோது, சிகெல்லாவும் அந்த ஆற்றலைப் பெற்றுவிட்டது.

எப்படிப் பெற்றது? கிருமிக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு வளையம் ஒன்று உண்டு. அது மரபுப் பொருளால் ஆனது. மருந்தைச் சிதைக்கும் வித்தையும், மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் வித்தையும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிருமி மற்றொரு கிருமியோடு ஒட்டிக்கொண்டு, அந்த வளையத்தின் படியை அதற்குக் கொடுத்துவிடும். நாம் சற்று முன் சொன்ன இரண்டாவது வேறுபாடு இதுவே. சம்பாவ் புல் தன் திறனைத் தன் விதைக்கு மட்டுமே தரும். பக்கத்து லாலாங் புல்லுக்குத் தராது. கிருமியோ அண்டை வீட்டுக்காரனுக்கும் தரும், வேற்றினத்தானுக்கும் தரும். ஒரு வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான மாற்று வித்தைகள் சேர்ந்தே இருக்கக்கூடும். ஆகவே ஒரு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தாலே, மற்ற மருந்துகளையும் வெல்லும் கிருமிகள் பெருகிவிடும். 1963-இல் வாட்டனாபே என்ற ஜப்பானிய அறிஞர் இதை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய பிறகே மேல்நாட்டார் விழித்துக்கொண்டனர்.

அப்படி விழித்தவர்களுள் ஒருவர் லண்டன் கோலின்டேல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆண்டர்சன். 1960-களின் நடுவில் பிரிட்டனில் பசுங்கன்றுகளிடையே சால்மொனெல்லா நோய் வேகமாகப் பரவியது. பிறந்து சில நாளே ஆன கன்றுகளைப் பல பண்ணைகளிலிருந்து வாங்கி, ஓரிடத்தில் அடைத்து, லாரியில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பும் வியாபாரம் அப்போது நடந்தது. நோய் வந்தது, மருந்தை வாரி வாரிக் கொடுத்தார்கள், கிருமி அடுத்தடுத்து ஒவ்வொரு மருந்தையும் வென்றது, மனிதருக்கும் அது தொற்றியது. ஆண்டர்சன் இடைவிடாமல் எழுதியும் பேசியும் எச்சரித்தார். 1968-இல் பிரிட்டிஷ் அரசு மைக்கேல் சுவான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1969 நவம்பரில் அக்குழு அறிக்கை தந்தது. மனித நோய்க்குப் பயன்படும் மருந்தை, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக்கூடாது என்பதே அதன் சாரம். 1971-இல் பெனிசிலினும் டெட்ராசைக்கிளினும் அவ்வாறு கலப்பது அங்கே நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் மருந்து உற்பத்தியாளர்கள் இதை ஏற்கவில்லை. கோழியின் குடலில் உள்ள கிருமி மனிதனுக்கு வருகிறது என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. கால்நடை மருந்துத் தொழில் சங்கமே அதற்கான ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. ஆய்வைச் செய்தவர் பாஸ்டன் நகரத்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் லெவி. அறிவியல் ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இதையே நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

லெவி, மருந்து கலந்த தீவனம் அதற்கு முன் பயன்படாத ஒரு சிறிய குடும்பப் பண்ணையைத் தேர்ந்தெடுத்தார். முந்நூறு குஞ்சுகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வெறும் தீவனம். மற்றதற்கு டெட்ராசைக்கிளின் வகை மருந்து கலந்த தீவனம். கோழிகளின் எச்சத்தையும், பண்ணைக் குடும்பத்தார் 11 பேரின் மலத்தையும், அக்கம்பக்கத்தார் 24 பேரின் மலத்தையும் வாரந்தோறும் சோதித்தார். அண்டை வீட்டாரையும் ஏன் சோதிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பண்ணையில் காணும் மாற்றம் ஊர் முழுவதும் நேர்ந்த மாற்றமா, பண்ணையால் நேர்ந்த மாற்றமா என்று பிரித்தறியத்தான். ஒப்பிடுவதற்கு ஆள் இல்லாவிட்டால் சோதனைக்குப் பொருளில்லை.

ஒரே வாரத்தில், மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடற்கிருமிகள் ஏறக்குறைய அனைத்தும் டெட்ராசைக்கிளினைத் தாங்குவனவாக மாறிவிட்டன. மனிதரிடம் மாற்றம் மெதுவாக வந்தது. ஆனால் வந்தது. ஐந்தாறு மாதத்தில், குடும்பத்தார் கொடுத்த மாதிரிகளுள் 31.3 விழுக்காட்டில், பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்ட கிருமிகள் மருந்தைத் தாங்குவனவாக இருந்தன. அண்டை வீட்டாரிடம் அது 6.8 விழுக்காடுதான். அந்தக் குடும்பத்தில் யாரும் டெட்ராசைக்கிளின் மாத்திரை விழுங்கவில்லை. தீவனத்தையும் கோழியையும் கையாண்டது ஒன்றே அவர்கள் செய்தது. அதுமட்டுமா? கொடுத்தது ஒரே மருந்து. ஆனால் அக்கிருமிகளோ பல மருந்துகளை எதிர்த்தன. ஜப்பானியர் கண்ட அதே வளையத்தின் வேலை! 1976-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. 1977-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பெனிசிலினையும் டெட்ராசைக்கிளினையும் தீவனத்திலிருந்து நீக்க முன்வந்தது. நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால் அது கிடப்பில் போடப்பட்டது. மனிதருக்கு முக்கியமான மருந்துகளை வெறும் வளர்ச்சிக்காகக் கொடுப்பது அந்நாட்டில் நின்றது 2017-இல்தான். சான்று கிடைத்து நாற்பது ஆண்டுகள்!

ஐரோப்பாவில் வேறொரு பாடம் கிடைத்தது. மனிதருக்குப் பயன்படாத மருந்துகளைத் தீவனத்தில் கலக்கலாம் என்று அங்கே விட்டுவைத்தார்கள். அவற்றுள் அவோபார்சின் என்பது ஒன்று. அது மனிதருக்கு ஒருபோதும் கொடுக்கப்படாத மருந்து. ஆகவே பாதகமில்லை என்று நினைத்தார்கள். ஆனால் அதன் உடன்பிறப்பைப் போன்றது வேங்கோமைசின். மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவமனையில் ஏற்றும் மருந்து அது. அண்ணனை எதிர்க்கக் கற்ற கிருமி தம்பியை விடுமா? 1993-இல் பண்ணை விலங்குகளிடம் வேங்கோமைசினுக்கு மசியாத கிருமிகள் காணப்பட்டன. டென்மார்க் 1995-இல் அவோபார்சினைத் தடை செய்தது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது.

தடை பயன் தந்ததா? டென்மார்க்கில் 1995-இல், இறைச்சிக் கோழிகளிடமிருந்து எடுத்த அவ்வகைக் கிருமிகளுள் 72.7 விழுக்காடு அம்மருந்துகளைத் தாங்கின. 2000-ஆம் ஆண்டில் அது 5.8 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் பன்றிகளிடம் உடனே குறையவில்லை. ஏன்? பன்றிகளுக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்து இன்னும் கொடுக்கப்பட்டு வந்தது. அதை எதிர்க்கும் வித்தையும் வேங்கோமைசினை எதிர்க்கும் வித்தையும் ஒரே வளையத்தில் இருந்தன. 1998-இல் டைலோசினும் நின்ற பிறகே பன்றிகளிடமும் குறைந்தது. பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிறிது காலம் கழிச்சல் அதிகமானது உண்மை. ஆனால் பண்ணைத் தொழில் முடங்கிவிடவில்லை. கையை எடுத்தால் கிருமி பின்வாங்கும் என்பதை அந்தச் சிறிய நாடு உலகுக்குக் காட்டியது.

அதே டென்மார்க்கில், 1998-ஆம் ஆண்டு கோடையில் நேர்ந்த ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். பல மருந்துகளுக்கு மசியாத சால்மொனெல்லாவால் 25 பேர் நோயுற்றது ஆய்வுக்கூடச் சோதனையில் உறுதியானது. கிருமியின் அடையாளத்தைத் தொடர்ந்து சென்றபோது, அது இறைச்சி வெட்டும் கூடத்தையும், அதற்கப்பால் ஒரு பன்றிப் பண்ணையையும் காட்டியது. நோயாளிகள் சிலருக்குக் கொடுத்த வலிமையான மருந்தும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இருவர் இறந்தனர். கடையில் இறைச்சி வாங்கிச் சமைத்து உண்ணும் சாதாரண மக்களுக்கு நேர்ந்த கதி இது. கடை இறைச்சியில் இத்தகைய கிருமி அரிதான ஒன்றுமன்று. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்கத் தலைநகர் வட்டாரக் கடைகளில் வாங்கிய 200 கொத்திறைச்சி மாதிரிகளுள் ஐந்தில் ஒரு பங்கில் சால்மொனெல்லா இருந்தது. அக்கிருமிகளுள் 84 விழுக்காடு, குறைந்தது ஒரு மருந்தையேனும் தாங்கின.

நேயர்களே, நம் ஆசியாவுக்குத் திரும்புவோம். கொலிஸ்டின் என்றொரு பழைய மருந்து உண்டு. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் 1970-களில் மருத்துவர்கள் அதை ஒதுக்கிவைத்தனர். புதிய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றபோது, கடைசி ஆயுதமாக அதை மீண்டும் கையில் எடுத்தனர். ஆனால் அதற்குள் அது பல நாடுகளில் கோழிக்கும் பன்றிக்கும் டன் கணக்கில் ஊட்டப்பட்டு வந்தது. 2015 நவம்பரில் சீன அறிஞர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று பிளாஸ்மிட் வளையத்தில் ஏறிவிட்டது. 2011 முதல் 2014 வரை அவர்கள் சோதித்த 523 பச்சை இறைச்சி மாதிரிகளுள் 78-இல் அது இருந்தது. 804 விலங்குகளுள் 166-இல் இருந்தது. 1,322 மருத்துவமனை நோயாளிகளுள் 16 பேரிடம் இருந்தது. இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பண்ணையில் ஐந்தில் ஒன்று, கடையில் ஏழில் ஒன்று, நோயாளிகளிடம் நூற்றில் ஒன்று. வெள்ளம் எங்கே உயர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்பதை ஊகிக்க அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. சில வாரங்களுக்குள், டென்மார்க் தன் பழைய சேமிப்பைத் தேடிப் பார்த்து, ஒரு நோயாளியின் இரத்தத்திலும், வெளிநாட்டிலிருந்து வந்த கோழி இறைச்சியிலும் அதே மரபணுவைக் கண்டது. கிருமிக்குக் கடப்பிதழும் வேண்டாம், சுங்கச் சாவடியும் இல்லை.

சீனா 2017-இல் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது. அதன்பின் பண்ணைகளில் அதைத் தாங்கும் கிருமிகள் பெரிதும் குறைந்தன. 2019 தொடக்கத்தில் மலேசியாவும், அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தன. 2017-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் இதற்கெனத் தேசியச் செயல் திட்டங்களை வகுத்தன. மனித மருத்துவத்தைக் கவனிப்பவர்களும் கால்நடையைக் கவனிப்பவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து வகுத்த திட்டங்கள் அவை. அப்படி அமர வேண்டியதன் தேவையைத்தான் இந்த எழுபது ஆண்டு வரலாறு கற்றுத் தந்தது.

கோழியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் சரியன்று. மனிதருக்கு மனிதரே கொடுத்த மருந்துக்கும் இதில் பெரும் பங்குண்டு. மருத்துவமனைகளில் காணும் மருந்துக்கு மசியாத கிருமிகளுள் பல, மனித மருத்துவத்தில் உருவானவையே. 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு மசியாத கிருமிகள் நேரடிக் காரணமாகி உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று கணக்கிட்டது. பிரசவம், அறுவைச் சிகிச்சை, புற்றுநோய் மருத்துவம், குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுவது ஆகிய எல்லாமே ஆண்டிபயாட்டிக் என்ற ஒரு தூணின்மேல்தான் நிற்கின்றன. அந்தத் தூண் ஆடினால் வீடு முழுதும் ஆடும்.

நாம் செய்யக்கூடியது என்ன? சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அதற்கு ஆண்டிபயாட்டிக் பயன்படாது. கிளினிக்கில் போய், "டாக்டர், நல்ல மருந்தாகக் கொடுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். மருத்துவர் கொடுத்தால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் நாலைந்து கோழியோ ஆடோ வளர்ப்பவர்கள், கடையில் கிடைத்த பொடியைத் தாமாகவே தண்ணீரில் கலக்காமல், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். கோழிப் பண்ணையில் வேலை செய்பவர்கள், வீட்டுக்குள் நுழையுமுன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். லெவியின் ஆய்வை அவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

சமையலறையிலும் வேலை உண்டு. பச்சைக் கோழியைக் குழாயடியில் வைத்து விளாறினால், தண்ணீர் தெறிக்கும் இடமெல்லாம் கிருமியும் தெறிக்கும். கோழி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் அப்படியே வெள்ளரிக்காயை வெட்டாதீர்கள். இறைச்சியை உள்ளே சிவப்பு இல்லாமல் நன்றாக வேக வையுங்கள். எந்த மருந்துக்கும் மசியாத கிருமியும் நெருப்புக்கு மசியும். நம் பாட்டிமார் கறியைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்ததில் பெரிய அறிவு இருந்தது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆண்டிபயாட்டிக்கின் வரலாறு அதனுடன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. தேவையில்லாத இடத்தில், அளவுக்குக் குறைந்து கொடுத்தாலும் அமிர்தம் கெட்டுப்போகும். நிலத்தடி நீரைப் போல இந்த மருந்தும் ஊருக்கெல்லாம் பொதுச் சொத்து. ஒருவர் வீணாக இறைத்தால் மற்றவர் கிணறும் வற்றும். நமக்குக் கிடைத்த இந்தச் சொத்து, நாளை பிறக்கப்போகும் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் கைகொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு மருத்துவருக்கும் பண்ணையாளருக்கும் உண்டு. மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும் நமக்கும் உண்டு.